கீழ்க் கீல்

"மேலேயே ஒரு பற்று வைத்துவிடேன்,
ஐந்து நிமிட வேலை" என்கிறார் பாக்கியநாதன் மூட்லி.
மகன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து
இடித்த கதவு. கீழ்க் கீலின் ஓரம்
முடியளவு கீறல்.

முடியளவு என்பது மேலே தெரிவது.

இது பெயிண்ட் இல்லை அண்ணே.
தூளாகத் தூவி, அடுப்பில் உருக்கி,
இரும்புக்குத் தோலாக்கியது.
தின்னருக்கு மசியாது.
இதன்மேல் நெருப்பு வைத்தால் புகையும்,
புகை போய் உலோகத்துக்குள் உட்காரும்.

ஜேக்கப்ஸ் முழுக்க இன்று கரண்ட் இல்லை.
மணல் பீய்ச்சும் இயந்திரம் துணி போர்த்திக் கிடக்கிறது.
ஆகவே டப்பா மருந்து.
தோசைமாவுக் கனத்தில் பூசி
பாலித்தீன் தாளால் மூடிவிட்டு
தள்ளி நிற்கிறோம், காற்று வரும் பக்கமாக.

மருமகளின் கேப்டவுன் வேலையைப் பற்றி
அவர் சொல்லி முடிப்பதற்குள்
பச்சை உப்புகிறது, சுருங்குகிறது,
எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி.
சுரண்டியால் தள்ளினால் மொத்தமாய் வருகிறது.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு துளி.
மணிக்கட்டைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு
ஜூலுவில் ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறேன்.
தமிழில் சொன்னால் முகம் சுளிப்பார்.

பச்சைக்குக் கீழே வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே
பழைய பற்று ஒன்று, ஆப்பம்போல் துளைத்துளையாய்.
ஓரத்தில் கருகிய நீலம் இன்னும் ஒட்டியிருக்கிறது:
பூச்சைச் சுரண்டாமலே வைத்த பற்று.
முடிகிற இடத்தில் இடப்பக்கம் சின்னதாய் ஒரு கொக்கி.

அந்தக் கொக்கியை எனக்குத் தெரியும்.
நான் இடதுகைக்காரி.

இது யார் வீட்டுக் கதவாக இருந்தபோது?
மெர்பேங்கில் பழைய இரும்புக் கடையில் வாங்கினாராம்.
வாடகை பாக்கியில், ஒரே நாளில் ஏழு கதவு முடித்த
வெள்ளிக்கிழமைகள் எனக்கு இருந்தன.
"ஆயுசுக்கும் தாங்கும்" என்றும் சொல்லியிருப்பேன்.

"யார் செய்த வேலை இது, அட ராமா?"

"யாரோ அவசரக்காரி."

கோயிலில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவர்,
விகுதியைக் கவனித்த மாதிரி இல்லை.
கவனித்துமிருக்கலாம். கீறலையே பார்க்கிறார்.
நாலு விரல் நீளம் இப்போது.

கரண்ட் வரும்வரை
வெற்று இரும்பைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.
டர்பன் ஈரக்காற்றில், டீ ஆறுவதற்குள் துரு வந்துவிடும்.

ரசீதில் எழுதுகிறேன்: பூச்சு நீக்கம், முந்நூறு ராண்ட்.
அடுத்த வரி: பற்றவைப்பு.
பேனாவை உதறிப் பார்க்கிறேன்.
மை இருக்கத்தான் செய்கிறது.