சீட்டுக்கு அடியில்

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு
பெரம்பூர் மேம்பாலத்தின் கீழ் நின்றிருந்தாள் ஃப்ளாரன்ஸ்.
ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கிக் காட்டினாள்.
மழைக்கோட்டு, துடைக்கும் துணி, பழைய பில்கள்
எல்லாவற்றையும் வீட்டில் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்.
"இடம் வேணுமில்ல."

விதி ஒன்றுதான்.
மைதானத்துக்கு ஒரு பொருள்.
காசு கொடுத்து வாங்கக் கூடாது.
கேட்கலாம், பொறுக்கலாம்.
திருடலாமா என்ற விவாதம் முடிவதற்குள்
ஐ.சி.எஃப். வந்துவிட்டது.

அவள் இடக்கை சுழல் வீசிய பிட்ச்
தார்ப்பாய்க்குள் படுத்திருந்தது.
ரோலர்மேல் ஒரு நாய்.
புல்லுக்குள் கிடந்த பாதி பெயில்ஸை
ஆணி எடுப்பதுபோல் எடுத்தாள்.
நான் நேரம் குறித்தேன், 6.20.
பதினோரு வருடம் நான்காம் டிவிஷனுக்கு
ஸ்கோர் எழுதிய கை, சும்மா இருக்காது.

காசிமேட்டில் ஏலம் ஓய்ந்த ஈர சிமெண்டில்
பையன்கள் டேப் பந்து ஆடினார்கள்.
படகில் விழுந்தால் நாலு,
தண்ணீரில் விழுந்தால் அவுட்,
பந்தையும் அடித்தவனே நீந்தி எடுக்கணும்.
"ஒரு ஓவர் கொடுங்கடா."
"ஆன்ட்டி, மெதுவா போடவா?"
முதல் பந்தில் அந்தக் கேள்வி கேட்டவனே போல்டு.
மரியாதையாகப் பந்திலிருந்து
ஒரு சுற்று டேப்பை உரித்துக் கொடுத்தான்.
அதில் ஒரு சங்கரா செதில்
ஒட்டிக்கொண்டு மின்னியது.

தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில்
ஒரே நேரத்தில் பதினான்கு ஆட்டங்கள். எண்ணினேன்.
ஒருவனுடைய மிட்-ஆன்
இன்னொருவனுடைய ஸ்லிப்.
யாரோ அடித்த பந்தை
பக்கத்து ஆட்டத்துக்காரன் பாய்ந்து பிடித்துவிட்டான்.
கையில் பேனா இருந்ததால்
பஞ்சாயத்து என்னிடம் வந்தது.
"அவுட் இல்லை. ஆனா கேட்ச் கேட்ச்தான்."
இரண்டு பக்கமும் திட்டினார்கள்.
ஸ்டம்பாக நின்ற செங்கல்லில்
கால் பங்கு உடைந்து கிடைத்தது,
என் பேனா அங்கேயே போனது.

பள்ளிக்கரணைப் பக்கம்
நாங்கள் தேடிய லீக் மைதானத்தில் முழங்கால் தண்ணீர்.
குட் லெங்த் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு நீலத் தாழைக்கோழி
அம்பயர் போல் நடந்துகொண்டிருந்தது.
எதுவும் எடுக்கவில்லை.
"செருப்புல வந்த சேறு கணக்குல சேருமா?"
சேரும். எக்ஸ்ட்ராஸில்.

பெரும்பாக்கத்தில் மொட்டைமாடி வலைக்குள்
மணிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆட்டம்.
ஆடிவிட்டு இறங்கிய ஒருவனின் சாக்ஸில்
பச்சைப் பிளாஸ்டிக் புல் ஒன்று.
கேட்டோம். குனிந்து பிடுங்கிக் கொடுத்தான்.
ஏன் என்று கேட்கவே இல்லை.
அவனை இருவருக்கும் பிடித்துப்போனது.

திரும்பும்போது சோழிங்கநல்லூர் சிக்னல்,
சிவப்பில் எண்பத்து நான்கு.
"கபுர்தலா ஃபேக்டரிக்கு மாத்திட்டாங்க.
ஜூன்ல ஜாயின் பண்ணணும்."
எண்பது.
பஞ்சாபா?
எழுபத்தொன்பது.
ம்.
அதற்குப் பிறகு இவ்வளவு நீளமான ஓவரை
நான் எழுதியதில்லை.
பச்சை விழுந்தும் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

சேப்பாக்கத்தில் பட்டாபிராமன் கேட் பூட்டு.
"மேட்ச் இல்லம்மா" என்றார் செக்யூரிட்டி.
இருந்தால் மட்டும்?
அவள் இங்கே ஒரு பந்து வீசியதில்லை,
நான் இங்கே ஒரு புள்ளி வைத்ததில்லை.
வண்டியை நிறுத்திவிட்டுப் பறக்கும் ரயில் ஏறினோம்,
ஆளுக்கு ஐந்து ரூபாய்.
"விதி?"
"காசு பயணத்துக்கு. சீட்டு சும்மா வந்தது."
கதவோரம் நின்றோம்.
கேலரிகளுக்கு நடுவில் ஒரு கீற்றுப் பச்சை,
யாரோ ஹோஸ் பிடித்து நீர் விடுகிறார்.
மூன்று நொடி. பிறகு கூவம் வாடை.

இரவு, மறுபடி மேம்பாலத்தின் கீழ்.
சீட்டைத் திறந்தால் பெட்ரோலும் மீனும் மணந்தன.
பெயில்ஸ், டேப், செங்கல், புல், இரண்டு டிக்கெட்.
"எல்லாம் நீயே எடுத்துக்க" என்றேன்.
"செங்கல்லை மட்டும் எப்படிப் பஞ்சாப் வரைக்கும் ரயில்ல தூக்கிட்டுப் போவ?"

சீட்டை அழுத்தி மூடினாள்.
"ரயிலே நாங்க செய்றதுதான்டீ."