தட்டிப் பார்த்தல்

பழையபேட்டையில் முக்தாரின் மாடி அறைக்கு
இது மூன்றாவது சனிக்கிழமை.
கீழே தையல் கடை. மேலே
கதவுக்கும் கம்பளி, ஜன்னலுக்கும் கம்பளி,
நடுவில் ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலி.
"இன்னைக்காவது முடிவு பண்ணுவீங்களாக்கா?"

நான் விரல் முட்டியால்
பெட்டியின் விலாவைத் தட்டுகிறேன்,
மேலிருந்து கீழாக, பிறகு முதுகை.
சிரிக்கிறான்.
தர்பூசணியா வாங்குறீங்க என்கிறான்.

பதினேழு வருஷமாக எனக்கு இதுதானே வேலை.
பர்கூர்ப் பக்கம் கல் பாலிஷ் கம்பெனி.
ரம்பத்திலிருந்து இறங்கும் கருங்கல் பலகையை
ஈரம் காய்வதற்குள் சின்னச் சுத்தியலால் தட்டுவேன்.
முழுக்கல் மணிபோலப் பேசும்.
உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால்
சளி பிடித்த குரல்.
முகம் தெரிய மின்னும் பலகையை
கண் கப்பலேற்றச் சொல்லும்,
காது வேண்டாம் என்னும்.
இரண்டே தடவைதான் காது தப்பு செய்திருக்கிறது.

கல் பாட வேண்டும்.
பெட்டி பாடக் கூடாது.
தட்டினால் பலாக்கட்டைபோல ஊமையாக இருக்க வேண்டும்,
பாடுவது வேறொருவர் அல்லவா.

முதல் வாரம் போட்டுக் காட்டியது
என் தோள் உயரம்.
எடுத்த எடுப்பில் நெஞ்சில் குத்தியது.
நாற்பது நிமிஷத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது.
சீசனுக்கு முன்னாலேயே சந்தைக்கு வரும்
கல் வைத்துப் பழுத்த மாம்பழம்.
நிறம் கூப்பிடும், நாக்கு எரியும்.

நான் கொண்டுபோவது ஒரே பதிவு.
ஏதோ ஊர்த் திருவிழா நாகஸ்வரம்.
பத்தாவது நிமிஷத்தில் கூட்டத்தில் ஒருவர் இருமுவார்.
உயரமானதில் தவில் அவரை விழுங்கிவிட்டது.
அடுத்த வாரத்து வெள்ளைப் பெட்டியில்
இருமல் உடைந்த டியூப்லைட்.
இதோ, தேன்கனிக்கோட்டை டாக்டர் ஒருவர்
இரண்டு வருஷம் கேட்டுவிட்டு விற்ற இந்தக் குட்டையில்
அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.
இருமல் வருவது தெரிந்து
துண்டை வாயருகே கொண்டுபோகிறார்.
முக்தார் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.
ஒன்றேகால் மணி நேரமாம்.

"விளிம்பு ரப்பர்க்கா. ஃபோம் இல்ல. உதிராது.
இருபது வருஷத்துக்கு அசையாது."
அப்போது எனக்கு அறுபத்து நாலு.

அவனிடம் ஒன்று சொல்லவில்லை.
போன ஆடியில் கம்பெனி மருத்துவ முகாம்.
கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து
சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள்.
நான் சும்மா இருந்த நேரத்திலெல்லாம்
அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாலாயிரத்துக்கு மேல் இடது காதின் கோடு
சையத் பாஷா மலைச் சரிவுபோல இறங்குகிறது.
ரம்பம் இருக்கும் பக்கம் இடது.

மாதப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பாதி காதுலயே விழாது. எதுக்கு இவ்ளோ காசு?"
விழுகிற பாதிக்குத்தான் என்றேன்.
பிறகு பேச்சில்லை.
சீட்டுப் பணம் எடுத்து வந்ததும் அவர்தான்.

லண்டன்பேட்டை வீட்டில்
இரண்டு கருங்கல் துண்டுகள்மேல் நிற்கின்றன.
நான் வேண்டாமென்று ஒதுக்கிய பலகைதான்,
கம்பெனியில் வெட்டிக் கொடுத்தார்கள்.
மொபட்டில் இரண்டு நடை.
விரிசல் எந்த மூலை என்று எனக்கு மட்டும் தெரியும்.

ராத்திரி கனிஷ்கா வந்து
ஹோம்வொர்க் நோட்டோடு தரையில் உட்கார்ந்தாள்.
இருமல் வந்தது. போனது.
"அம்மா, அவர் பக்கத்துல யாரோ வளையல் போட்டிருக்காங்க."
எங்கே?
பென்சிலால் சுவரில் ஓர் இடத்தைக் காட்டினாள்,
காலண்டருக்குக் கொஞ்சம் இப்பால்.
எத்தனை வருஷமாகக் கேட்கும் பதிவு.

திரும்பப் போடச் சொன்னேன்.
நாற்காலியை இடப்பக்கம் ஒரு சாண் நகர்த்தினேன்.
துண்டுக்காரர் இருமினார்.
இல்லை.
இன்னொரு சாண்.