ஒன்பதாம் இலக்கத்தின் முழங்கால்

பாசையூர்ச் சந்தை, காலை ஆறு மணி.
பாரைக்குக் கூறுகிற விலையை விட
உரத்துக் கேட்கிறது
ஜெறோசனின் முழங்கால்.

"மூண்டு மாதம். கூடினால் நாலு" என்கிறார் மடுத்தீன்
சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டியை அடித்தபடி.
"ஆர் சொன்னது?"
"மச்சாளின்ரை மோன் மருந்துக்கடையிலை நிக்கிறான்."
அது போதும்.
கூடை தூக்கினவர்கள் கூடையோடேயே
வைத்தியரானார்கள்.
சவ்வு என்றார் ஒருவர்.
சவ்வெல்லாம் இல்லை, வெறும் சுளுக்கு,
முறிவு நெரிவுக்காரரிட்டை ரெண்டு கட்டுக் கட்டினால்
முதல் மச்சுக்கு ஓடுவான் என்றார்
போன வருசம் தன் தோள்மூட்டை அதே கட்டுக்குக் கொடுத்து
இன்றைக்கும் சேட்டுக்குள் கை நுழைக்கப் படுகிற பாவிலுப்பிள்ளை.

நாளைக்குப் பூசை முடிய
கழகக் கதவில் இருபத்திரண்டு பெயர் ஒட்டுவார்கள்.
அதற்குள் எல்லாம் தீர வேண்டும்.

"விரல் உடைஞ்சவனைக் கோலுக்கை விடுறதோ?"
"ஒரு விரல்தானே. மிச்சம் ஒன்பது கிடக்கு."
இடது பெக் மாசியில் சுவிசுக்குப் போய்விட்டான்.
அவனுக்கு முதல் நின்றவன் பிரான்சில்.
அந்த இடத்தில் ஆரைப் போட்டாலும் விசா வருகுது
என்று லெம்பேட் சொல்லி வாய் மூடவில்லை,
தங்களைப் போடச் சொல்லி
மூன்று பெடியள் கை தூக்கினார்கள்.
ஒருத்தன் கிரிக்கெட்காரன்.

இளவாலைப் பெடியனைப் பற்றித்தான் பெரிய சண்டை.
பதினேழு வயது, காற்று மாதிரி.
"வெளியூரான் எங்கடை ஒன்பதைப் போடுறதோ?"
"பந்து ஊர் கேட்டுத்தான் வலைக்கை போகுமோ?"
தராசுத் தட்டில் சூடை மீன் துள்ளாமல் கிடக்க
தராசுக்காரர் துள்ளினார்.

நான் கணவாய்க் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"பெனடிக்ரா, நீ உந்தப் படம் எடுக்கிற பகுதியிலைதானே?"
எல்லா முகமும் திரும்பியது.
"நான் பதிவுப் புத்தகம் மட்டும்தான்.
எனக்குத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியின் நீல அங்கியில்
அவன் இன்னும் சின்னவனாக இருந்தான்.
இரும்பு ஆகாது என்றதும்
கழுத்திலிருந்த அந்தோனியார் பதக்கத்தைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தான்.
நாற்பது நிமிடம் அது சூடாறவில்லை,
அல்லது என் கைதான் சூடு.
உறையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
டொக்டர் சொன்ன மாதங்களை
கதவடியில் நின்று நானும் எண்ணினேன்.
"அக்கா, ஆருக்கும்..." என்றான்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
நான் தலையாட்டினேன்.

எனக்கு மட்டும் வாயில்லை என்று நினைக்காதீர்கள்.
போன வருட இறுதியாட்டத்தில், எண்பத்தெட்டாவது நிமிடம்,
அவன் ஒருமுறை நின்று தொடையைப் பிடித்தபோது
வேலிக்கம்பியில் ஏறி
"ஓடடா!" என்று கத்தியவர்களில்
நானும் ஒருத்தி.
ஓடினான்.
அதுதான் வெற்றிக் கோல்.

பேச்சு அறுந்தது.
அவனே வருகிறான், தலையில் மீன்பெட்டியோடு.
ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை.
பெட்டியை இறக்கிவிட்டு
நெளிந்த தகரப்பேணி ஒன்றைக் கண்டான்.
இடது காலால் ஒரு அடி.
பேணி மடுத்தீனின் ஐஸ்சாக்கில் போய் விழ
"நான் சொன்னனான்! சொன்னனானோ இல்லையோ!"
ஆளையாள் கட்டிப்பிடித்தார்கள்.
சுளுக்குக்காரர் சவ்வுக்காரரிடம்
நூறு ரூபா கேட்டு நின்றார்.

அடித்த காலைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.
நான் ஊன்றிய காலைப் பார்த்தேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை.
பெட்டிகளுக்குப் பின்னால்
ஐஸ்லொறியின் கதவைப் பிடித்தபடி
எதையோ தேடுகிறவன் போலக்
கனநேரம் குனிந்து நின்றான்.

"பிள்ளை, கணவாய் அரைக்கிலோவோ, ஒண்டோ?"
எனக்குத் தெரியாது என்றேன்.