பதுங்கல்

நாணின் சத்தம்
அம்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.
இருபத்திரண்டு கஜம்.
அந்தச் சிறு இடைவெளியில்
ஒரு பெண்மானால் என்ன முடியுமோ
அதைச் செய்தது.

புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள்.
மானைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.
பதுங்கியது.
முன்னங்கால் மடங்கி
நெஞ்சு சருகில் உரசுகிற அளவுக்குத் தாழ்ந்து
துள்ளுவதற்கான தரையைத் தேடியது.
அம்பு வருவது அதற்குத் தெரியாது.
ஏதோ ஓசை. ஓட வேண்டும்.
ஓட, முதலில் குனிய வேண்டும்.
நுரையீரலென்று நான் குறித்த இடத்தில்
அப்போது நுரையீரல் இல்லை.

இதையெல்லாம் பிறகுதான் கோத்தெடுத்தேன்.
விரோக்வாவுக்கு வடக்கே, ஸ்கார் குடும்பத்துக் காட்டில்,
ஓக் மரத்தில் பதினைந்தடி உயரத்தில்
இடுப்பில் வார்ப்பட்டையோடு உட்கார்ந்து
அந்த நேரத்தில் நான் கண்டது
ஒரு பழுப்பு மடிப்பு,
ஒரு வெள்ளை வால்,
அப்புறம் ஆடிக்கொண்டிருந்த ஒரு கிளை.

சோல்வே ஸ்காரைக் கிசுகிசுப்பாக அழைத்தேன்.
அவசரப் பிரிவில் படிவம் நிரப்புகிறவள் போலக் கேட்டாள்:
பின்னங்காலை உதைச்சுதா? அப்படின்னா நெஞ்சு.
முதுகைக் கூனிக்கிட்டு
வயித்துவலிக்காரி மாதிரி மெதுவாப் போச்சா?
அப்படின்னா குடல், விடியிற வரைக்கும் இறங்காதே.
குனிஞ்சுது, என்றேன்.
அது படுறதுக்கு முன்னாடி.
பட்ட பிறகு?

பட்ட பிறகு என் கண்
அம்பின் வாலில் எரியும் பச்சை விளக்கைத்
தேடிக்கொண்டிருந்தது.
அது எவ்வளவு அழகாகப் போனதென்று வேண்டுமானால்
சொல்ல முடியும்.

அரை மணி நேரம் அசையாதே, வர்றேன்,
என்று வைத்துவிட்டாள்.

முழங்கால் தன்பாட்டுக்கு ஆடியது.
கையுறைக்குள் வேர்த்தது, நவம்பர் மாதத்தில்.
பையில் முறுக்கு இருந்தது.
கடித்தால் சத்தம் வருமென்று
காலையிலிருந்து தொடாத முறுக்கு.
எடுத்துத் தின்றேன்.
ஒன்று, இரண்டு, பிறகு எண்ணவில்லை.
காது அடைக்கிற நொறுங்கல்.
அவ்வளவு பசி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை,
பசிதானா என்றும் தெரியவில்லை.

சோல்வே டார்ச்சும்
ஒரு கழிப்பறைக் காகிதச் சுருளும் கொண்டுவந்தாள்.
முதலில் முடி.
வெள்ளையென்றால் வயிறு.
இது நீளமாக, நுனி கருத்து, பழுப்பாக.
முதுகு, என்றாள்,
அதில் நிம்மதியா ஏமாற்றமா, கேட்கவில்லை.
பிறகு ரத்தம்.
நுரை இல்லை. பச்சை இல்லை. சிவப்பு, கொஞ்சமாக.
ஒவ்வொரு துளிக்கும் ஒரு காகிதத் துண்டு கிழித்து
மேலே இருக்கும் குச்சியில் செருகினாள்.
ஓடைக்கரையில் பன்னிரண்டாவது.
அதற்கப்புறம் தண்ணீர்.
அக்கரையில் ஒரு மணி நேரம்
நாலு காலில் தவழ்ந்தோம். ஒன்றுமில்லை.

திரும்பி வெளிச்சம் அடித்தபோதுதான் பார்த்தேன்.
வெள்ளைத் துண்டுகள் நேராக வரவில்லை.
மரத்திலிருந்து நாற்பது தப்படியில்,
ஒரு முள்புதருக்குப் பின்னால்,
ஐந்து துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.
இங்க நின்னிருக்கு, என்றாள் சோல்வே.
ரொம்ப நேரம். என் மரத்தைப் பார்த்தபடி.
என்னத்தைக் கேட்டுதோ, திரும்ப ஓடியிருக்கு.

நான் எதுவும் சொல்லவில்லை.
பல்லிடுக்கில் ஓமம் இன்னும் இருந்தது.

காகிதத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தோம்,
பதினொன்றுதான் கிடைத்தது.

டிசம்பரில் அவள் காட்டுக் கேமராவிலிருந்து
ஒரு படம் அனுப்பினாள்.
அதிகாலை நாலு பத்து.
சாம்பல் நிறத்தில் ஒரு பெண்மான்,
முதுகில் மயிரில்லாத ஒரு கீற்று,
அல்லது பனி, அல்லது லென்சில் கீறல்.
அதுதானே, என்று கேட்டிருந்தாள்.
எல்லா மானும் எனக்கு ஒன்றுபோலத்தான்.
ஆனால் மரம் என்னுடையது,
மேலே இருக்கையின் கால் தெரிகிறது.
மான் அதற்கு நேர் கீழே நின்று
தலையைத் தாழ்த்தி
வேரருகே சருகுக்குள்
எதையோ மோந்துகொண்டிருக்கிறது.