குலுக்கிய பின்

கெண்ட் ரிட்ஜ். காலை எட்டு மணி வகுப்பு.
வெளியே மழை, உள்ளே ஏர்கான் வேறு.
மருந்தியல் முதலாண்டு. நூற்றுப் பத்துப் பேருக்கும்
‘இது தேர்வுக்கு வருமா’ என்ற ஒரே முகம்.

இருமல் மருந்து நிறைந்த குழாயில்
ஓர் எஃகுக் குண்டைப் போட்டேன்.
அவசரமில்லாமல் இறங்கியது.
ஆரம் பாதியானால் வேகம் கால்பங்கு, என்றேன்.
பதினாறு வருடமாக இதே குண்டு, இதே வாக்கியம்.

பின்வரிசை ஜுமானா,
புக்கிட் பாத்தோக் மருந்துக்கடையில் பகுதிநேரம் நிற்பவள்,
கை தூக்காமலே சொன்னாள்:
“அப்போ, குலுக்காம குடிக்கிறவங்களுக்கு
முதல் நாள் வெறும் இனிப்பு.
கடைசி நாள்
மொத்த மருந்தும் ஒரே கரண்டியில.”

பலகையில் நான் வரைந்த ஈர்ப்பு விசை.
கீழ்நோக்கிய அம்பு.
அதன் நுனிக்கு அடியில்
யாரோ
வாய் திறந்து காத்திருக்கிறார்கள்.

குண்டு இன்னும் பாதி வழியில்.