ஜப்பான் பீஸ்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் என் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டு போன்,
ஒரே கறுப்பு, ஒரே எடை, முதுகில் அதே மூன்று கண்.
ஒன்று நாகர்கோவிலில் பில்லோடு வாங்கியது.
மற்றது, ஒசாகாவில் வெல்டிங் பார்க்கும் தம்பி ஸ்டெர்லின்
சாக்ஸுக்குள் சுருட்டிக் கொடுத்தனுப்பியது,
நாலாயிரம் குறைவு.

ஜப்பான்காரனுக்கு சிம் ஒன்றுதான் நுழையும்.
கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டரில் தொடமாட்டார்கள்.
எல்லாம் சொன்னேன்.
குறையை மறைத்து விற்றால் உறக்கம் வராது,
அதனால் இதையும்:
படமெடுத்தால் சத்தம் வரும்.
சைலண்டில் போட்டாலும் வரும்.

"அது எதுக்கு?" என்றார் ரெக்சலின் டீச்சர்.

ரயிலில், படிக்கட்டில்,
பெண்களைத் தெரியாமல் எடுக்கிறார்களாம் அங்கே.

டீச்சர் முதல் போனால் என்னை எடுத்தார்.
எடுத்ததே எனக்குத் தெரியவில்லை.
இரண்டாவதில் எடுத்தார்.
ரீசார்ஜுக்கு நின்ற மூன்று பேரும்
திரும்பிப் பார்த்தார்கள்.

"இது போதும்.
எனக்க மவனுக்குத்தான்."

பாலத்தில் ஒரு லாரி போய் முடியும்வரை நின்றார்.
"போன வாரம் அவனுக்க காலேஜுல
என்னைக் கூப்பிட்டு அனுப்பினாவ."

பில் கேட்கவில்லை.
நாலாயிரம் குறைவென்பதையும்
எண்ணிப் பார்க்கவில்லை.