இருபத்தெட்டு

இந்த மரத்துக்குப் பெயர் கிடையாது.
எஸ்.எல். இருபத்தெட்டு.
ஆய்வுக்கூடத்தில் வரிசையாய் நட்டு
எண்ணிக்கொண்டே போனவர்கள்
அதற்குமேல் யோசிக்கவில்லை.
கைதிக்கும் பேருந்துக்கும் வைப்பதுபோல
ஓர் எண்ணை வைத்துவிட்டுத்
தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

ஞேரி மலைச்சரிவில்,
வாமுயு ந்திரிதுவின் நிலத்தில்,
நூற்று நாற்பது இருபத்தெட்டுகள் நிற்கின்றன.
மண் சிவப்பு. சாதாரணச் சிவப்பில்லை,
மூன்று முறை அடித்துத் துவைத்தாலும்
பாவாடை விளிம்பைவிட்டு இறங்காத சிவப்பு.
பகலில் வெயில் தோளைச் சுடும்.
ராத்திரியில் மலையிலிருந்து இறங்கும் குளிர்
ஒவ்வொரு காயையும் பிடித்துவைத்து
இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்கிறது.
பூத்ததிலிருந்து பறிக்கும்வரை
இந்தத் தகராறுதான்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் ருசி பார்ப்பவள்.
காலை ஏழு மணிக்குக் கிண்ணங்கள் வரிசையில் நிற்கும்.
கரண்டியால் மொண்டு,
வீட்டில் செய்தால் அடி விழுமே
அப்படிச் சத்தமாய் உறிஞ்சி,
துப்ப வேண்டும்.
வாமுயுவின் கிண்ணத்தில் முதலில் வருவது புளிப்பு.
மோர்ப் புளிப்பு அல்ல, எலுமிச்சையும் அல்ல.
கடைவாயில் நீர் ஊறி
கண் ஒரு கணம் சுருங்கும்.
பிறகு அடிக்கரும்பின் இனிப்பு.
அதற்கும் பின்னால், எங்கிருந்தோ,
தக்காளிச் செடியைத் தொட்ட விரலின் வாசம்.

படிவத்தில் ‘பழம்’ என்றொரு கட்டம் உண்டு.
எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதுவேன்:
பிளாக் கரண்ட்.
ஆறு வருடமாய் எழுதுகிறேன்.
அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை.

அவள் கொழுந்தன் மச்சாகோஸுக்கு
நாற்று கொண்டுபோனான். இதே தாய்மரம்.
மூன்றாம் வருடம் ஒரு பை மாதிரி அனுப்பினான்.
வேர்க்கடலைத் தோல், கொஞ்சம் வெல்லம்,
பிறகு ஒன்றுமில்லை.
குறை சொல்ல இடமில்லாத காப்பி.
வாய்க்குள் வந்தது, நலம் விசாரித்தது, போய்விட்டது.
‘விதை ஏமாற்றிவிட்டது’ என்றான் தொலைபேசியில்.
விதை என்ன செய்யும்,
மண் கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்லும்.

வேளாண் அதிகாரி வந்து பிடுங்கச் சொன்னார்.
காய்நோய் வந்தால் கிளையோடு கருகும்,
புது ரகம் தாங்கும், மருந்துச் செலவு மிச்சம்.
அவர் சொன்னதில் பொய்யில்லை.
வாமுயு பாதியைப் பிடுங்கினாள்.
மீதிதான் இந்த நூற்று நாற்பது.
தாமிர மருந்து அடித்த அன்று
இலைகள் நீலம்,
அவள் புருவமும் நீலம்.
‘கணக்குப் போட்டால் நஷ்டம்’ என்பாள்,
கணக்கும் போடுவாள்,
மறுநாள் தெளிப்பானை மறுபடி முதுகில் மாட்டுவாள்.

போன டிசம்பரில்
ஓஸ்லோவில் காப்பி வாங்குகிறவர்
ஒரு கண்ணாடி ஜாடி அனுப்பினார்.
கருஞ்சிவப்பு ஜாம்.
மூடியில் அந்தப் பழத்தின் படம்,
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
சங்கத்து மேசையில் வைத்துத் திறந்தோம்:
எடைபோடும் முதாஹி, லாரி ஓட்டுநர், வாமுயு, நான்.
நால்வருக்கும் ஒரே கரண்டி.

என் மேசையில் ஒருமுறை உறிஞ்சித் துப்பியதோடு சரி,
வாமுயு காப்பியே குடிப்பதில்லை.
ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு
மெல்ல எதுவுமில்லாத அதை நெடுநேரம் மென்றாள்.
‘நம்முடையதைப்போல இருக்கப் பார்க்கிறது, பாவம்.
சர்க்கரையைக் கொட்டிச் சமாளித்திருக்கிறார்கள்.’
முதாஹி சிரித்த சிரிப்பில்
தராசு முள் ஆடியது.

ஜாடியை அவள்தான் கொண்டுபோனாள்.
அவித்த சேப்பங்கிழங்கில் தடவித்
தேநீரோடு தின்றார்களாம்.
இரண்டே நாளில் தீர்ந்ததாம்.

அடுத்த மாதிரி வந்தபோது
‘பழம்’ என்ற கட்டத்தில்
வாமுயு என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன். மேலே இருப்பவர்கள் படிப்பார்கள்.
பிளாக் கரண்ட் என்றே போட்டேன்,
வழக்கத்தைவிடச் சின்ன எழுத்தில்.